‘போதும் கர்த்தாவே’ என்று எழுதிய குருவானவருக்கு

வாசகர் கேள்வி: மனநல மருத்துவர் பதில்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சேகரத்தின் (ஒரே குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதி) குருவானவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. ஊழியத்தில் 15 வருடம். இப்போதைய சேகரத்தில் தாய்ச்சபையோடு ஆறு கிளைச்சபைகள், உதவிக்கு ஒரே ஒரு சபை ஊழியர். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது அடுத்தடுத்து அடக்க ஆராதனைகள். போன வருடம் வாலிபர் சங்கத்தில் இருந்த ஒரு பையன் தற்கொலை செய்துகொண்டான். இறப்பதற்கு முந்தின நாள் மாலை அவன் ஐயாவுக்குப் போன் செய்திருக்கிறான். கமிட்டிக் கூட்டத்தில் இருந்ததால் அவர் எடுக்கவில்லை. பையனைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யக்கூடாது என்று கமிட்டியில் சிலர் நின்றபோது, அவர்களோடு சண்டை போட்டு அங்கேயே அடக்கம் செய்தார். அன்றிலிருந்து ஒரு கோஷ்டி அவருக்கு எதிராக இருக்கிறது.

இப்போது விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நகரவில்லை, பழைய குறிப்புகளைத் தேதி மாற்றி வாசிக்கிறார். பிள்ளைகள் பேசினாலே எரிச்சல். ஜெபம் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. இரண்டு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். தூக்கத்துக்குத் தெரிந்த மெடிக்கல் கடையில் அல்பிரசோலம் வாங்கி எட்டு மாதமாக ராத்திரி போடுகிறார். மனைவி கட்டாயப்படுத்தி நான்கு நாள் கொடைக்கானலுக்கு அழைத்துப்போனார், அங்கேயும் தூக்கம் இல்லை.

முக்கியமாகக் கேட்டிருப்பவை நான்கு. இது என் விசுவாசக் குறைவா? 21 நாள் உபவாசம் இருந்தால் சரியாகுமா? மனநல மருத்துவரிடம் போனால் பேராயர் அலுவலகம்வரை தெரிந்துவிடாதா, அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிட மாட்டேனா? ஊழியத்தை விட்டுவிடலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் முன்னால், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒன்றைப் பேசிவிடுகிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் எலியா தீர்க்கதரிசியைப் பற்றிப் பிரசங்கிக்க எடுத்ததாகவும், சூரைச்செடியின் கீழ் அவர் ‘போதும் கர்த்தாவே’ என்று சொல்லும் இடத்தைத் தாண்ட முடியாமல் வேறு பகுதிக்கு மாறிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எலியா சாவைத்தான் கேட்கிறார், அது உங்களுக்குத் தெரியும். அதனால் நேராகவே கேட்கிறேன்: செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று உங்களுக்கும் தோன்றுகிறதா? தூங்கி எழாமலே போய்விட்டால் தேவலை என்ற அளவிலா, இல்லை, எப்படி என்றுவரை யோசனை ஓடுகிறதா? இப்படிக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் இன்றைக்கே அம்மாவிடம் (உங்கள் மனைவியைச் சொல்கிறேன்) சொல்லிவிடுங்கள், வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளும் பூச்சிமருந்தும் அவர் பொறுப்பில் போகட்டும். ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. அரசு நடத்துவது, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், பெயரும் ஊரும் சொல்ல வேண்டியதில்லை. வழி யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால் இந்தப் பதிலை மேற்கொண்டு வாசிக்க வேண்டாம், பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விசுவாசக் குறைவா?

கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. என்றாலும் நீங்கள் எழுதியிருப்பவற்றில் ஒரு மருத்துவர் கண்ணில் படக்கூடியவை நிறைய இருக்கின்றன. மூன்று மணி விழிப்பு, எதிலும் பிடிப்பு இல்லாமை, யோசனை நகராமல் நிற்பது, எரிச்சல், அளவுக்கு மீறின குற்றவுணர்வு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு மாதக்கணக்காக இருக்கிறது.

பர்ன்-அவுட் (வேலையால் வரும் மனக்களைப்பு) என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அதுவும் உங்களிடம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் அதைப் பற்றி எழுதியபோது, அவர் பார்த்தது சம்பளம் பெரிதாக இல்லாமல் மற்றவர்களுக்காக உழைத்துக்கொண்டிருந்த இலவச மருத்துவமனை ஊழியர்களைத்தான். உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையோடு ஒட்டிவரும் பாதிப்பு என்கிறது. அதனால்தான் வேலையைவிட்டுத் தள்ளிப்போனால் அது ஓரளவாவது தணியும். கொடைக்கானலிலும் அதே மூன்று மணிக்கு முழித்தேன் என்கிறீர்கள். அந்த ஒரு தகவலை வைத்துத்தான், இது வெறும் வேலைக் களைப்பைத் தாண்டிவிட்டது என்று சந்தேகப்படுகிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மெதடிஸ்ட் போதகர்களின் உடல்நலத்தை டியூக் பல்கலைக்கழகம் 2007 முதல் பல வருடம் ஆராய்ந்தது. அதே மாநிலத்தின் மற்றவர்களைவிடப் போதகர்களுக்கு உடல் பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாமே கூடுதலாக இருந்தது. மனச்சோர்வும் தேசிய அளவைவிடக் கூடுதல். அத்தனை பேருக்கும் விசுவாசம் குறைவு என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் சபையில் ஒருவர் மஞ்சள் காமாலையோடு வந்தால் ஜெபம் பண்ணுவீர்கள், கையோடு ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவீர்கள். ஜெபம் சுவரில் மோதுவதுபோல் இருப்பது, காமாலையில் சோறு கசப்பதுபோன்ற ஒரு அறிகுறிதான். நோய் இறங்கும்போது பெரும்பாலும் அதுவும் மாறும். அதுவரை சொந்த வார்த்தையில் ஜெபிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஜெபப் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் காலை ஜெபத்தையும் ஒரு சங்கீதத்தையும் வாசித்தாலே போதும். வார்த்தை வராத நாட்களுக்கும் சேர்த்துத்தானே அவற்றை எழுதி வைத்திருக்கிறார்கள்.

எடுக்காத அந்தப் போன்

கடிதத்தில் இதற்கு நீங்கள் கொடுத்திருப்பது நாலு வரி. நான் அதிக நேரம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் இருப்பது மிக அபூர்வம். மனநோய், கடன், காதல், குடி, குடும்பச் சண்டை, கையெட்டும் தூரத்தில் பூச்சிமருந்து என்று பல இழைகள் ஒன்றாகச் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். எடுத்துப் பேசியிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பானா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வாலிபர் கூட்டத்துக்கு ஜெனரேட்டர் சொல்லிவிட்டீர்களா என்று கேட்கக்கூட அவன் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உங்கள் மனம் அந்தப் போனுக்குள் ஒரு கதறலை வைத்து, அதைத் தினம் மூன்று மணிக்கு உங்களுக்குப் போட்டுக்காட்டுகிறது. தெரியாத ஒன்றை நிச்சயம்போலக் காட்டி உங்கள்மேல் குற்றம் சாட்டுவது மனச்சோர்வின் வழக்கமான வேலை.

இன்னொன்று. அவன் வீட்டாரைத் தேற்றினீர்கள், வாலிபர்களை உட்காரவைத்துப் பேசினீர்கள், கமிட்டியை எதிர்த்து அவனுக்கு ஆறடி நிலம் வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களிடம் யார் வந்து உட்கார்ந்தார்கள்? கடிதத்தில் அப்படி ஒருவரும் இல்லை. அடுத்தவர் துக்கத்தைத் திரும்பத் திரும்பச் சுமப்பவர்களுக்கு அந்தத் துக்கம் தொற்றும் என்பதை செவிலியர்கள், மீட்புப்பணியாளர்கள் விஷயத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். போதகர் விஷயத்தில் மட்டும் ‘ஐயாவுக்கு ஆண்டவர் பலம் தருவார்’ என்று முடித்துவிடுகிறோம். மருத்துவரிடம் போகும்போது இந்தப் பையனைப் பற்றியும் பேசுங்கள். தூக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

உபவாசம்

வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

இதில் என் காரணம் முழுக்க மருத்துவம். நீங்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையின் பெயரை எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஆபத்து குறைவு. கூடவே கிளிமிபிரைட், கிளிக்லசைட் மாதிரி ஒன்று சேர்ந்திருந்தால், மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கும்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கமும் வரலாம். ஜெப அறையில் தனியாக இருக்கும்போது வந்தால் யார் பார்ப்பார்கள்? மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருந்தால் சர்க்கரை எதிர்ப்பக்கம் ஏறும். அதோடு, மனச்சோர்வில் இருப்பவர் சாப்பாட்டையும் குறைத்து ஆட்களிடமிருந்தும் 21 நாள் ஒதுங்கினால் நோய்க்குத் தீனி போட்டதுபோல ஆகிவிடும். எலியாவுக்கு அந்த இடத்தில் தேவதூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டார், படுத்தார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நாற்பது நாள் நடந்ததெல்லாம் அதற்குப் பிறகு. வேதத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, வரிசையை மட்டும் நினைவூட்டுகிறேன்.

மாத்திரையும் ரகசியமும்

மனநல மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேன் என்று பயப்படுகிறீர்கள். ஐயா, அடிமையாக்கக்கூடிய மாத்திரையைத்தான் எட்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! அல்பிரசோலம் சில நாள், சில வாரம் என்று அளவாகக் கொடுக்க வேண்டிய மருந்து. தொடர்ந்தால் அதே தூக்கத்துக்கு அளவு கூடிக்கொண்டே போகும். மறுநாள் காலை மந்தமாக இருக்கும், அந்த மந்தத்தோடுதான் நீங்கள் கிளைச்சபைக்கு பைக்கில் போகிறீர்கள். இது அட்டவணை எச்1-ல் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் தரக்கூடாது, தந்தால் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் ஐயாமேல் உள்ள பிரியத்தில் கொடுத்திருப்பார். ஆனால் அது உங்களுக்கும் நல்லதில்லை, அவர் லைசென்சுக்கும் நல்லதில்லை.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள், முக்கியம். மாதக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், பதற்றம் கூடும், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் கணக்குப் போட்டுப் படிப்படியாகக் குறைப்பார்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை வேறு வகை. இவற்றுக்கு ஏக்கம் வராது, அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் தேவை வராது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டல், லேசான பதற்றம் இருக்கலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம். நிறுத்தும்போது இதையும் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். மருந்தே எல்லோருக்கும் வேண்டும் என்றும் இல்லை. லேசான நிலையில் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம், உங்கள் நிலையில் இரண்டும் சேர்ந்து தேவைப்படும் என்று நினைக்கிறேன். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறைவது உண்டு, அதுவும் சோர்வைக் கொண்டுவரும். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று அம்மாவைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது என்றால் அதற்கு வைத்தியம் வேறு.

ரகசியம் பற்றி. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, உங்கள் சிகிச்சை விவரங்களை மருத்துவர் வெளியே சொல்லக்கூடாது என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விலக்குகள் உண்டு. ‘எங்கள் குருவானவர் உங்களிடம் வந்தாரா?’ என்று பேராயர் அலுவலகத்திலிருந்து கேட்டாலும் பதில் சொல்ல மருத்துவருக்கு அனுமதி இல்லை. ஆனால் சட்டம் கட்டுவது மருத்துவர் வாயைத்தான். ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருக்கும் சேகரத்துக்காரர் வாயைக் கட்டாது. அதனால் பக்கத்து மாவட்டத்தில் பார்ப்பதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. திருமண்டலக் (பேராயரின் கீழ் வரும் சபைகளின் நிர்வாகம்) குழுக் காப்பீடு வழியாகப் பணம் கோரினால் காகிதம் அலுவலகம் வழியாகத்தான் போகும், ஓ.பி. செலவைக் கையிலிருந்து கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் எத்தனையோ காலமாக இயங்கிவருகிறது. மிஷன் மருத்துவமனையே இதைச் செய்யும்போது, மனநல மருத்துவரிடம் போவது விசுவாசத்துக்கு விரோதம் என்று சொல்லும் ஆட்களுக்கு நீங்கள் பதில் தேடவேண்டியதில்லை.

ஊழியத்தை விடுவது

முடிவை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். மனச்சோர்வில் இருக்கும்போது எதிர்காலம் ஒரே நிறமாகத்தான் தெரியும், அப்போது எடுத்த முடிவுக்காகப் பிறகு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் ராஜினாமா என்றால் குருமனையையும் காலி செய்ய வேண்டும், பத்தாம் வகுப்பில் இருக்கும் மகனின் பள்ளிக்கூடமும் மாறும். ஆனால் விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேறி, நன்றாகத் தூங்கி, நிதானமாக யோசித்த பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால் அது நேர்மையான முடிவாகவே இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடுவில் வேறு வழிகளும் உண்டு. மருத்துவ விடுப்பு எடுக்கலாம். சான்றிதழில் நோயின் பெயரைப் பொதுவாக எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். விடுதி, பள்ளி, மருத்துவமனை என்று ஏதாவது நிறுவனத்தில் கொஞ்ச காலம் பணி கேட்கலாம். இதற்கெல்லாம் பணிவிதிகள் என்ன இடம் தருகின்றன என்று எடுத்துப் படித்துப் பாருங்கள். திருமண்டலத் தேர்தல் நேரத்தில் இட மாற்றம் கேட்டால் அது எந்தக் கோஷ்டியின் கணக்கில் எழுதப்படும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

தேறிய பிறகு திரும்ப விழாமல் இருக்க

‘மனதைத் திடப்படுத்திக்கொள்வது எப்படி’ என்று கேட்டிருந்தீர்கள். ஏழு சபைக்கு ஒரு ஆள் என்ற ஏற்பாட்டை எந்த மனத்திடமும் தாங்காது. ஜனங்களின் வழக்குகளையெல்லாம் தனியாகத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம் மாமனார் எத்திரோ சொன்னதும் அதுதானே. இன்னும் கொஞ்சம் தைரியமாக இரு என்று அவர் சொல்லவில்லை. வேலையைப் பிரித்துக்கொடு என்றார்.

முதலில் ஓய்வு நாள். திங்களோ செவ்வாயோ, ஒன்று. அதை மனதுக்குள் வைத்துக்கொண்டால் நடக்காது. சேகர கமிட்டியில் வைத்து, ஞாயிறு அறிவிப்பில் வாசித்து, சபை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். எதிர்க்கோஷ்டி முணுமுணுக்கும். ஞாயிறு முழுக்க உழைப்பவருக்கு ஒரு நாள் ஓய்வு கூடாது என்று கூட்டத்தில் எழுந்து பேச யாருக்கும் அவ்வளவு சுலபமில்லை, பேசுகிறவர் பேசட்டும். அடக்கம் வந்தால் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பதில் அடுத்த நாள் ஓய்வு.

அடுத்தது ராத்திரிப் போன். பத்து மணிக்குமேல் வருவதில் மரணம், ஆஸ்பத்திரி, வீட்டில் அடிதடி ஆகியவைதான் நீங்கள் எடுக்க வேண்டியவை. மைக் செட்டுக்காரர் பாக்கி, அசன விருந்துக்கு எத்தனை கிடா என்பதெல்லாம் காலையில் பேசலாம். சபை ஊழியரும் இரண்டு நம்பகமான மூப்பர்களும் முறைவைத்து முதலில் எடுக்கட்டும், அவசரம் என்றால் அவர்கள் உங்கள் வீட்டுத் தனி எண்ணுக்கு அழைக்கட்டும். அந்தப் பையனின் போனுக்குப் பிறகு இதைச் செய்ய உங்கள் மனம் ஒப்பாது என்று தெரியும். ஒரே ஆள் எல்லாப் போனையும் எடுப்பதைவிட மூன்று பேர் முறைவைத்து எடுத்தால் தவறும் அழைப்பு குறையும், அதையும் யோசியுங்கள். கூடவே 14416-ஐ வாலிபர் சங்க அறையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வீடு சந்திப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டீ, ஒரு தட்டு மிக்சர். வேண்டாம் என்றால் மனத்தாங்கல். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அம்மா ஒரு தடவை ‘ஐயாவுக்குச் சீனி வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் இரண்டு வாரத்தில் சேகரம் முழுக்கப் பரவிவிடும். வேறு விளம்பரமே தேவையில்லை.

பேச ஒரு ஆள் வேண்டும். உங்கள் திருமண்டலத்துக்குள் தேடாதீர்கள். இன்றைய நண்பர் நாளை எந்தத் தேர்தல் பேனலில் இருப்பார் என்று சொல்ல முடியாது. இறையியல் கல்லூரியில் கூடப் படித்து இப்போது வேறு திருமண்டலத்தில் இருக்கும் ஒருவர் போதும். மாதம் ஒரு முறை நேரில், சாப்பாட்டோடு. பிரார்த்தனைக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதோடு நிறுத்திவிடாமல், ‘இந்த மாதம் யார்மேல் கோபம்’ என்று கேட்கிற அளவுக்கு நெருக்கமானவராக இருக்கட்டும்.

லெந்து தொடங்கி ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைவரையும், டிசம்பரில் கேரல் ரவுண்டு தொடங்கி வருடக் கடைசி ராத்திரி ஆராதனைவரையும் தூக்கம் கெடும், அதைத் தவிர்க்க முடியாது. அதனால் ஈஸ்டருக்கு அடுத்த வாரத்தையும் ஜனவரி முதல் வாரத்தையும் இப்போதே டைரியில் விடுப்பு என்று அடித்துவையுங்கள். திருமணத் தேதி கேட்டு வருகிறவர்களுக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறு பள்ளி, பெண்கள் சங்கம், குருமனைக்கு வரும் விருந்தாளி என்று சம்பளம் இல்லாத ஒரு முழு ஊழியம் அவரும் செய்கிறார். உங்கள் எரிச்சலையும் அவர்தான் வாங்கிக்கொள்கிறார். ஓய்வு நாளில் அவருக்கும் அடுப்படியிலிருந்து ஓய்வு இருக்கட்டும்.

இந்த வாரமே ஒரு தேதி வாங்குங்கள். போகும்போது அல்பிரசோலம் அட்டை, சர்க்கரை மாத்திரைகள், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். அம்மாவும் கூட வரட்டும். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதை உங்களைவிட அவர் சரியாகச் சொல்வார். பாதி நேரம் மருத்துவரிடம் நீங்கள் தனியாகவும் பேசுங்கள்.